ஜெஸ்லின் சிஸ்டர் படகேறிய நாள்

வேலை உத்தரவு வந்த அன்றைக்கு ஜெஸ்லின் வீட்டில் எல்லோரும் மெட்ராஸ், மெட்ராஸ் என்றுதான் சொன்னார்கள். அருமனையில் ரப்பர் வெட்டுகிற அப்பா டீக்கடையில் போய்ச் சொன்னார். அம்மா ஆராதனை முடிந்ததும் சபைக்கு வெளியே நின்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பனையடிக்குப்பம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜெஸ்லினுக்கும் தெரியாது.

எண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, "இதுக்கு மேல வண்டி போவாதும்மா" என்று ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் ஆறு கடலில் சேருகிற கழிமுகம், அதற்கு அப்பால் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். நடுவே குப்பம். சமுதாயக்கூடத்தை ஒட்டி இரண்டே அறையில் சுகாதார நிலையம். அதற்கு அவள்தான் புது நர்ஸ். டாக்டரம்மா காலையில் வந்து மதியத்துக்குள் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு மருந்தும் ஊசியும் திட்டும் எல்லாம் ஜெஸ்லின் பொறுப்பு.

முதல் நாள் முதல் ஆள் வந்து உட்கார்ந்து, "வவுறு ஒரே பேஜாரா கீது சிஸ்டர்" என்றார். ஜெஸ்லினுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். "எதுக்கு இவ்வளவு சுணங்கி வந்தீங்க?" என்று, ஏன் இத்தனை தாமதம் என்பதை அவள் தன் ஊர்ப் பேச்சில் கேட்டது அவருக்குப் புரியவில்லை. வெளியே போய், "மலையாளத்து நர்சு வந்துகீது" என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது. நான் தமிழ்தான், கன்னியாகுமரி மாவட்டம் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "சரி சரி, கேரளாவுல அது எங்க கீது?" என்றார்கள்.

அங்கே உதவியாளராக இருந்த டெபோரா அந்தக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஜெஸ்லினைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வாய் ஓயாது. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் படகில் யாருக்குப் பங்கு, எவன் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு கூரை மேல் ஏறிப் படுத்தான், எல்லாம் சொல்லுவாள். ஆனால் தடுப்பூசி வைக்கிற குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது என்பதை மட்டும் டிஃபன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொல்லுவாள்.

காலையில் மேசையைத் துடைத்தால் சாயங்காலம் அதன்மேல் சாம்பல் படிந்து, விரலால் பெயர் எழுதலாம் போல இருக்கும். ஊருக்கு வருகிற ஒரே ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மூட்டைப்பூச்சி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மருந்து வண்டி வராது. ஏன் வரவில்லை என்று மேலே இருந்து அவளைத்தான் கேட்பார்கள். வயதில் சின்னவர்கள்கூட அவளை நீ, வா, போ என்றார்கள். "இன்னா சிஸ்டர், துன்னியா?" என்று தினமும் ஒருத்தியாவது கேட்பாள். சாப்பிட்டாயா என்று அன்பாகக் கேட்கிறாள் என்று புரிந்துகொள்ளவே ஜெஸ்லினுக்குப் பல நாள் ஆயிற்று.

அவள் ஊரில் இதற்கு வெப்ராளம் என்று பெயர். கோபமும் அழுகையும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சுக்குழியில் கொதிப்பது. பனையடிக்குப்பம் வந்த பிறகு அது இல்லாமல் அவள் ஒரு பொழுதையும் கழிக்கவில்லை.

அதிலும் எழில்மொழி வந்துவிட்டால் அந்த வெப்ராளம் தலைக்கே ஏறிவிடும்.

எழில்மொழிக்கு ஜெஸ்லின் வயதுதான் இருக்கும். நண்டு வாங்கி விற்கிறவள். எட்டு மாத வயிறு. கால் இரண்டும் ஊதி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ரத்த அழுத்தம் போன முறையைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும். இது இங்கே வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, ராயபுரத்தில் இருக்கிற பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மாவும் சொன்னார், ஜெஸ்லினும் சொன்னாள்.

"போலாம்னுதான் கீறேன் சிஸ்டர். நாத்தனா வூட்ல காது குத்து. அத்த முடிச்சிகினு போறேன்."

அடுத்த வாரம் கேட்டால், "தண்ணி லாரி வர்ற நாளு. நா போய்ட்டா யாரு கொடம் புடிக்கிறது?"

அதற்கடுத்த வாரம், "ஊட்டுக்காரு கடலுக்குப் போய்க்கீறாரு. அவுரு வரட்டும்."

அவள் புருஷன் ஜெயவேல் அப்போது வெளியே புங்கமரத்தடியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஜெஸ்லின் ஜன்னல் வழியாகவே அவனைப் பார்த்தாள். எழில்மொழியும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஓ, வந்துட்டாரா?" என்றாள்.

ஒரு தடவை ஜெஸ்லின் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலை மறித்து, "எழிலு இல்ல சிஸ்டர், மார்க்கெட்டுக்குப் போய்க்கீது" என்றாள். அவளுக்குப் பின்னால் கதவிடுக்கில் ஊதிய கால் ஒன்று தெரிந்தது. ஜெஸ்லின் அந்தக் காலைப் பார்த்தே பேசிவிட்டுத் திரும்பினாள்.

பிறகு மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை அது நடந்தது. கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள், பெஞ்சு நிறையப் பெண்கள். எழில்மொழி கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதரசம் மறுபடியும் ஏறியிருந்தது. இந்த முறை என்ன என்று ஜெஸ்லின் கேட்டதற்கு அவள் சிரித்தபடி, "இன்னிக்கு அமாவாச சிஸ்டர்" என்றாள்.

ஜெஸ்லின் கருவியை மேசைமேல் டமார் என்று வைத்தாள்.

"சிரி. நல்லா சிரி. உனக்க வயித்துல இருக்குது கல்லா, மண்ணா? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இங்க வந்து அழக்கூடாது, கேட்டியா?"

எழில்மொழியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். பின்னாலேயே மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விட்டார்கள்.

டெபோரா கதவைச் சாத்தினாள். "அப்டி பேசலாமா சிஸ்டர்? போன தபா அதுக்குப் பொட்டப்புள்ள ஆம்புலன்சுலயே செத்துப் பொறந்துச்சு. வலி எடுத்து ஏத்திகினு போனாங்க. முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. நவுர முடியல. டிரைவரு இறங்கி ஒவ்வொரு லாரியா தட்டிகினு அழுதான். அப்போலேந்து அந்த ரோட்ல போன்னு சொன்னாலே அதுக்கு கைகாலு ஒதறும்."

"இத எனக்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊருக்கே தெரியுமே சிஸ்டர்."

"நான் ஊரா?" ஜெஸ்லின் கத்தியே விட்டாள். "கூரைல ஏறிப் படுத்தவன் கதைய ரெண்டு தடவ சொன்னீங்களே அக்கா! இத ஒரு தடவ சொல்லக் கூடாதா? அவளும் சொல்லல, நீங்களும் சொல்லல. நான் என்ன, மந்திரம் போட்டா பாக்கணும்?"

டெபோரா போய்க் குளிர்ப்பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.

அன்று ஜெஸ்லின் சாப்பிடவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மா கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். ஜெஸ்லின் கருவியை எடுத்துக்கொண்டு எழில்மொழி வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எழில்மொழி தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வா சிஸ்டர். குந்து. காலீலேந்து மண்ட பொளக்குது. கண்ணுல பூச்சி பறக்குற மாரி கீது."

சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஜெஸ்லின் அழுத்தம் பார்த்தாள். நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. தலைவலி, கண்ணில் பூச்சி. வலிப்பு வரப்போகிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

"எழில், இப்ப போகணும். இப்பவே. நான் கூட வாரேன்."

எழில்மொழி அவளையே பார்த்தாள். "நீ வருவியா?"

"வாரேன்."

"இன்னா ஆனாலும் உட்டுட்டுப் போ மாட்டியே?"

"மாட்டேன்."

"சரி, போலாம்" என்றாள் எழில்மொழி. இத்தனை வாரம் கெஞ்சியும் மிரட்டியும் வராத சம்மதம்.

ஜெஸ்லின் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். துறைமுக வாசலில் ஏதோ தகராறு, லாரிகள் விடியற்காலையிலிருந்து நகரவில்லை, வண்டி எர்ணாவூர் தாண்ட முடியாமல் நிற்கிறது என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றார்கள். ஜெஸ்லின் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைக் கடித்துவிடுவது போலப் பார்த்தாள். எழில்மொழி ஒத்துக்கொண்ட நாளில்தானா ரோடே இல்லாமல் போக வேண்டும்?

வாசலில் வலையைக் கோத்துக்கொண்டிருந்த ஜெயவேல் எழுந்து வந்தான். "கடலால போலாம். காசிமேட்டுல ஏறிட்டா ஆஸ்பத்திரி தோ கிட்ட."

"போட்லயா? இந்த நிலமையிலயா?"

"கடல்ல எந்த லாரி நிக்குது?" என்றாள் சுவரோரத்திலிருந்து எழில்மொழி.

ஜெஸ்லின் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் முதலில் "உனக்குப் பைத்தியமா?" என்றார். பிறகு ரோடு நிலைமையைக் கேட்டார். கேட்டுவிட்டு வரிசையாகச் சொன்னார். "வலிப்புத் தடுக்கிற மெக்னீசியம் ஊசி இருக்கா? இடுப்புல ரெண்டு பக்கமும் முழு டோஸ் போடு. அழுத்தத்துக்கு மாத்திரை குடு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. காசிமேட்டுல வேற ஆம்புலன்ஸ் நிறுத்தச் சொல்றேன். ஜெஸ்லின், உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"சரி, போ" என்றார் டாக்டரம்மா.

டெபோரா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஊசி போட்டதும் எழில்மொழி ஊரே கேட்கும்படி கத்தினாள். அவளை ஒரு கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கி மணலில் கொண்டு போனார்கள். ஃபைபர் படகில் மெத்தையை விரித்துக் கிடத்தினார்கள். எங்கிருந்தோ பத்துப் பதினைந்து ஆண்கள் வந்து படகைத் தள்ளினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் வலப்பக்கம் என்றான், ஒருவன் இடப்பக்கம் என்றான், ஒருவன் ஜெஸ்லினைத் தூக்கி உள்ளே போட்டான். அவளுடைய ஒரு செருப்பு தண்ணீரில் போய்விட்டது.

"கன்னியாகுமரிதான சிஸ்டரு? கடலு பயம் இருக்காது" என்றான் கரையில் நின்றவன்.

எனக்க ஊரு மலை, கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும் என்று ஜெஸ்லின் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் அலை வந்து அந்த வாயிலேயே அடித்தது.

ஜெயவேல் பின்னால் இயந்திரத்தைப் பிடித்திருந்தான். முன்னால் அவன் கூட்டாளி ஒருவன். அலைகள் உடைகிற இடத்தைத் தாண்டியதும் ஜெயவேல், "இன்னிக்கு கடலு கொளம் மாரி கீது" என்றான். அந்தக் குளத்தில் படகு ஏறி ஏறி விழுந்தது. ஒரு கையால் எழில்மொழியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜெஸ்லின் கடலில் வாந்தியெடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

எழில்மொழி படுத்தபடியே கையை நீட்டி அவள் நெற்றியைத் தாங்கினாள். "இன்னா சிஸ்டரு நீ? யாருக்கு யாரு நர்சுன்னே தெரியல."

"கைய எடு. ஆடாம படு. இடது பக்கம்னுல்லா சொன்னேன், இடது பக்கம்!"

"படுத்துகினுதான் கீறேன்."

"மூச்சு இழுத்து விடு. கால மடக்கு, ஊசி மருந்து கூடிப்போச்சான்னு முட்டியத் தட்டிப் பாக்கணும்."

"நடுக்கடல்ல இன்னாத்துக்கு முட்டியத் தட்டுற? பேஜாரு புடிச்ச சிஸ்டரு."

ஜெயவேல் இயந்திரச் சத்தத்துக்கு மேலே, "கம்முனு அவுங்க சொல்றத செய்யேன்மே!" என்று கத்தினான். "நீ ரோட்டப் பாத்து ஓட்டு!" என்று எழில்மொழி திருப்பிக் கத்தினாள்.

திருவொற்றியூர்க் கரையில் கொட்டிய கருங்கல் வரிசை வலது கையில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்கு அப்பால் ரோடும், ரோட்டில் அசையாமல் நிற்கும் லாரிகளின் தலைகளும் தெரிந்தன. எழில்மொழி அவற்றைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. கண் செருகுவது போல இருந்தது.

ஜெஸ்லின் அவள் கன்னத்தைத் தட்டினாள். "எழில்! தூங்காத. பேசு. எதாவது பேசு. என்னத் திட்டு."

எழில்மொழி கண்ணைத் திறந்தாள். "அதுக்கு முடி நெறைய இருந்துச்சு சிஸ்டர்" என்றாள். "ஒரு தபாதான் காட்னாங்க. யாழினின்னு பேரு வெச்சிருந்தோம்."

ஜெஸ்லினுக்கு நேற்றுச் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தது. "நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"கூடாதுதான்" என்றாள் எழில்மொழி. பிறகு, "உடு. நானும் அமாவாசன்னு டபாய்ச்சேன். நேத்து அமாவாசையே இல்ல" என்றாள்.

காசிமேடு வந்தது. துறைமுகத்துக்குள் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஜெயவேல் எல்லோரையும் திட்டிக்கொண்டே இடுக்கில் படகை நுழைத்தான். நாலு பேர் மெத்தையோடு அவளை மேலே தூக்கினார்கள். ஏலக் கூட்டத்துக்கு நடுவே ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை, வாசலில் நிற்கிறது என்று ஒருவர் ஓடி வந்து சொன்னார். அதுவரைக்கும் போக மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வண்டி முழுக்க ஐஸ் தண்ணியும் செதிலும்.

எழில்மொழி எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "ஐயே, ஒரே கலீஜா கீது. நா ஏற மாட்டேன்."

நண்டு விற்கிறவள். பிறந்ததிலிருந்து மீன் வாடையிலேயே வாழ்கிறவள். ஜெஸ்லினுக்குள் அத்தனை நாளும் கொதித்த வெப்ராளமெல்லாம் ஒரே வார்த்தையாக வெளியே வந்தது.

"ஏறுட்டீ!"

ஏலம் கூவிக்கொண்டிருந்தவர் வாயை மூடினார். எடைபோடுகிறவள் தராசைப் பிடித்தபடி திரும்பினாள். தலையெல்லாம் உப்பு, காலில் ஒற்றைச் செருப்பு, வெள்ளைச் சட்டையில் வாந்திக் கறை, அப்படி ஒரு நர்ஸ் இடுப்பில் கை வைத்து நிற்பதைக் காசிமேடே பார்த்தது. எழில்மொழி மறுபேச்சில்லாமல் ஏறிப் படுத்துக்கொண்டாள். கூட்டம் தானாகவே வழிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு வலிப்பு வந்தது. சின்னதாக, சீக்கிரம் நின்றுவிட்டது. ஊசி முன்பே போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டு நேரே ஆபரேஷனுக்குக் கொண்டு போனார். ஜெயவேல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். ஜெஸ்லின் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் தரை ஆடிக்கொண்டிருந்தது.

அவள் போன் ஓயாமல் அடித்தது. மேலதிகாரிகள் ஒருவர் மாற்றி ஒருவராக, யார் அனுமதியில் நோயாளியைப் படகில் ஏற்றினாய் என்று கேட்டார்கள். முதல் ஆளுக்கு அவள் பொறுமையாக எல்லாம் சொன்னாள். அடுத்தவருக்குப் பாதி சொன்னாள். அதற்கடுத்தவரிடம், "ரோடு இல்ல சார், அதான் கடல்ல வந்தேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கடைசியாக டாக்டரம்மா பேசினார். "இனிமே யாராவது கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு. நீ எதாவது சாப்பிட்டியா?"

சாயங்காலத்துக்குள் பையன் பிறந்தான். எடை குறைவு, ஆனால் அழுகைச் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்த ஜெயவேல், "இன்னா சிஸ்டர், எலிக்குஞ்சு மாரி கீறான்" என்று சொல்லிவிட்டு அழுதான். ஜெஸ்லினும் அழுதாள். பிறகு தன் செருப்பில்லாத காலைப் பார்த்து, இப்போது எப்படி எண்ணூருக்குப் போவது என்று யோசித்தாள். திரும்பப் படகில் கொண்டு விடுகிறேன் என்று ஜெயவேலின் கூட்டாளி சொன்னான். அவள் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டாள். லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

எழில்மொழியும் பிள்ளையும் தேறி வீட்டுக்கு வந்தார்கள். ரோடு மட்டும் அப்படியேதான் இருந்தது. அதிகாரிகள் சிலர் வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், திரும்பும்போது அவர்களும் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். குப்பத்துப் பெண்களோ ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தார்கள். நாலு மாதக் கர்ப்பிணிகூட வந்து உட்கார்ந்து, "எனுக்கும் போட்டுல போறதுதான சிஸ்டர்? நீதான கூட வருவ?" என்று கேட்டாள். எத்தனை தடவை முடியாது என்று சொன்னாலும் சிரித்தார்கள்.

ஜெஸ்லின் டாக்டரம்மாவிடம் பேசினாள். டாக்டரம்மா எங்கெங்கோ பேசி நாலு மிதவைச் சட்டை வாங்கிக் கொடுத்தார். ஆபத்துக்கு ஒரு படகு எப்போதும் டீசலோடு தயாராக நிற்க வேண்டும் என்று கேட்க மீனவர்கள் கூடிப் பேசுகிற வலைக்கூடத்துக்கு ஜெஸ்லின் போனாள். அரைமணி நேரத்தில் முடிகிற பேச்சு என்று நினைத்தாள். யாருடைய படகு என்பதில் ஆரம்பித்தார்கள். போன வருஷத்துச் சண்டைக்குப் போனார்கள். அங்கிருந்து யாரோ ஒருவரின் கல்யாணத்துக்குப் போனார்கள். எழில்மொழி மடியில் பிள்ளையோடு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் ஒவ்வொரு பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் கூட்டத்தில் பெண்பிள்ளைக்கு என்ன பேச்சு என்று ஒருவன் சொல்லப்போய், அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது.

வெயில் தாழ்ந்த பிறகுதான் முடிவுக்கு வந்தார்கள். வாரத்துக்கு ஒரு படகு, முறை வைத்து. அப்பாடா என்று ஜெஸ்லின் எழுந்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கி, "அந்த சட்டைங்கோ யாரு ஊட்ல இருக்கணும்? அத்தப் பேசலியே" என்றார்.

கூடம் மறுபடியும் கொதிக்க ஆரம்பித்தது. ஜெஸ்லின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். யாரோ அவள் கையில் ஒரு டீயைத் திணித்தார்கள்.